தயாளன் அண்ணனின் பன்னிரண்டாவது வரி

இதை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்ற தயக்கத்தோடுதான் தொடங்குகிறேன். தயாளன் அண்ணனோடு இருபது ஆண்டுகள் ஒரே பட்டறையில் மரம் இழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்டின் டவுனில் அவரோடு ஒரே சந்தில் கேரம் ஆடி வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நான் அவரோடு வேலை செய்தது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவு. அதுவும் அவர் கீழே, நான் மாடியில். நான்கு பேர் கூடிய இடத்தில் நான் வாய் திறக்கமாட்டேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். முப்பதாம் நாள் நினைவு மலருக்கு எல்லோரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று அவருடைய தெரு நண்பர்கள் கேட்டபோது, என்னை விட்டுவிடுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து நானே போய், ஒரு பக்கம் போதாது, கொஞ்சம் அதிகம் வேண்டும் என்று கேட்டேன். பெரியவர்களுக்குரிய இடத்தை எடுத்துக்கொண்டதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

செய்தி வந்தபோது நான் பேருந்தில் இருந்தேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் தங்கியிருக்கும் பி.ஜி. விடுதியிலிருந்து பட்டறைக்கு அரை மணி நேரம். பட்டறையின் வாட்ஸாப் குழுவில் யாரோ தயாளன் அண்ணன் படத்தைப் போட்டிருந்தார்கள். ஆயுத பூஜையன்று எடுத்த படம். காதில் பென்சில், வாய் நிறையச் சிரிப்பு. பிறந்தநாள் என்று நினைத்துக்கொண்டு 'வாழ்த்துகள் அண்ணா' என்று அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகுதான் படத்துக்குக் கீழே இருந்த வரியைப் படித்தேன். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று இருந்தது. உடனே என் வாழ்த்தை அழித்தேன். ஒரு செய்தி நீக்கப்பட்டது என்ற குறிப்பு இன்னும் அந்தப் படத்துக்குக் கீழேயே இருக்கிறது. அது நான்தான். அதற்கும் மன்னியுங்கள்.

அவர் வீட்டுச் சந்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உள்ளே புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அவர் மனைவி மலர் அக்காவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அழுது ஓய்ந்த ஒரு நேரத்தில் எங்கள் முதலாளி மஞ்சு சார் பேச ஆரம்பித்தார். அவர் கன்னடக்காரர், எங்களோடு அவர் பேசும் தமிழ் எங்கள் எல்லோருக்கும் பிரியமானது.

"இவனு இருக்கானே, எல்லா மேசையும் கல்லு மாதிரி பண்ணுவான். ஒண்ணே ஒண்ணு மட்டும் தொட்டில் பண்ணிட்டான். அந்த ஒண்ணுக்கு நாங்க வச்ச பேரு, தொட்டில் தயாளன். கோபமே படமாட்டான். 'வந்துட்டான் தொட்டிலு'ன்னு அவனே சொல்லிகிட்டு உள்ள வருவான்."

சந்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மலர் அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவரை நினைத்து அன்போடு சிரித்த சிரிப்பு அது. எனக்கு மட்டும் அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனேன். பின்னாலேயே வந்த மலர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நீ அப்போ அங்கதானே இருந்தே சுகன்யா? அந்த டேபிள்ல அவரு இன்னாதான் தப்பு பண்ணாரு? எத்தனையோ தடவ கேட்டேன். சிரிப்பாரே தவிர ஒரு நாளும் சொல்லல."

நான் டம்ளரைக் கழுவ ஆரம்பித்தேன். யாரோ அவரை வெளியே கூப்பிட்டார்கள், போய்விட்டார். அந்த மேசையில் தயாளன் அண்ணன் எந்தத் தப்பும் செய்யவில்லை. தப்புச் செய்தது நான். மலர் அக்கா, அன்று உங்கள் சமையலறையில் சொல்லாமல் விட்டதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலையில் வேலை செய்கிறவர்கள். பொறியியல் முடித்துவிட்டு இந்தப் பட்டறையில் வரைபடப் பிரிவில் சேர்ந்தபோது முதல் ஆறு மாதம் பரீட்சார்த்தம், பிடித்தால் நிரந்தரம் என்றார்கள். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்த இரண்டு பேர் அந்த ஆறு மாதத்தைத் தாண்டவில்லை என்பதையும் முதல் நாளே யாரோ சொல்லிவிட்டார்கள்.

நான் வரைந்த முதல் தாள் கீழே போன அன்று தயாளன் அண்ணன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

"யாரும்மா இந்தப் புது டிராயிங்கு? எழுத்து அச்சடிச்ச மாதிரி கீது."

நான் தலையாட்டினேன்.

"தலையாட்டுனா சவுண்டு வருமா? மிஷின் பக்கத்துல நின்னு நின்னு பாதி காது போனவன் நானு. வாயத் தொறந்து சொல்லு, அப்பதான் மீதி காதுக்காவது கேக்கும்."

அன்றிலிருந்து அவருக்கு நான் 'டிராயிங்கு'. என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் டப்பாவிலிருந்தும் ஒரு வாய் எடுத்துக்கொள்வார். கேட்கமாட்டார். குடை இரவல் வாங்கினால் திருப்பித் தரமாட்டார். என்னுடைய பச்சைக் குடை இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. என் தாள்களில் மில்லிமீட்டரில் இருக்கும் அளவுகளை முதலில் அங்குலமாகவும் நூலாகவும் மாற்றிப் பக்கத்தில் எழுதிக்கொள்வார். ஓர் அங்குலத்தில் எட்டு நூல் என்பது எனக்கு அவர் கிறுக்கிய தாள்களிலிருந்துதான் தெரிந்தது.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம் அந்த மேசை வந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் குடும்பம் கேட்டது. மூடியிருக்கும்போது ஐந்தடி, ஆறு பேர் சாப்பிடலாம். விருந்தினர் வந்தால் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து, நடுவில் ஒரு பலகையைப் போட்டு எட்டடியாக்கிக்கொள்ளலாம். மேல்பலகையின் இரண்டு பாதிகளையும் தாங்குவது அடியில் ஒன்றுக்குள் ஒன்று ஓடும் மரச் சட்டங்கள். ஸ்லைடு என்போம். பட்டறையில் வழக்கமாகச் செய்யும் மாதிரியில் நடுவில் ஐந்தாவதாக ஒரு கால் உண்டு. இவர்கள் அது முழங்காலில் இடிக்கும், வேண்டாம் என்றார்கள்.

ஐந்தாவது காலை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டேன். பத்துத் தட்டு, பத்து டம்ளர், நாலைந்து பாத்திரம். இந்த எடை மேசை முழுக்கச் சமமாகப் பரவியிருக்கும் என்று வைத்துக்கொண்டேன். நடுப்பலகை பெரியதாக இருந்ததால் முழுக்க இழுக்கும்போது ஒரு சட்டம் இன்னொரு சட்டத்துக்குள் ஒன்பது அங்குலம்தான் மிச்சம் இருந்தது. கணக்குப்படி அது போதும். தாளைக் கீழே அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் தயாளன் அண்ணன் கதவருகில் வந்து நின்றார். அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

"ஏம்மா டிராயிங்கு, நடுவுல கால் இல்லாம எட்டடி நிக்காதும்மா. ஸ்லைடு உள்ள புடிப்பே இல்லியே. இழுத்தா தொங்கிடும்."

கணக்குப் போட்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். அவர் அதைச் 'சரி, மாற்றித் தருகிறேன்' என்று எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் மாற்றவில்லை. நேரில் பேச வராத எனக்குக் காகிதத்தில் மட்டும் தைரியம் வரும். ஒரு சீட்டில் 'வரைபடத்தில் உள்ளபடியே செய்யவும்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கீழே கொடுத்தனுப்பினேன். இருபது வருடம் மேசை செய்தவருக்கு, ஏழு வாரம் முன்னால் சேர்ந்தவள் அனுப்பிய சீட்டு அது. அவர் அதைப் படித்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை மாடிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பிறகு உள்ளபடியே செய்தார். அவ்வளவு சுத்தமாக ஓடும் ஸ்லைடை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

மேசை போய் மூன்றாவது வாரம் அந்த வீட்டு அம்மா போன் செய்தார். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எந்த இலையில ரசம் ஊத்துனாலும் நடுப்பக்கமா ஓடுதுங்க. எதிரெதிரா உக்காந்திருக்கிறவங்க ரசமெல்லாம் ஒண்ணா கலக்குது."

மேசையைத் திருப்பி எடுத்துவந்து விரித்தபோது பார்க்கவே சகிக்காதபடி இருந்தது. நடுவில் முக்கால் அங்குலம் கீழே தொய்ந்து, ஏதோ குழந்தையைப் படுக்க வைக்கச் செய்ததுபோல.

எங்கள் பட்டறையை அறியாதவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு முழு பிளைவுட் பலகை அடித்திருக்கிறது. தப்புப் பலகை என்று பெயர். யார் எந்த வேலையில் தப்புச் செய்தாலும், என்ன தப்பு, ஏன் வந்தது என்று ஒரு வரி எழுதி அடியில் தன் பெயரை எழுத வேண்டும். கன்னடம், தமிழ், உருது என்று அவரவர் எழுத்தில் இருக்கும். இன்னொருவன் அதே தப்பைச் செய்யாமல் இருக்கத்தான் என்பார் மஞ்சு சார். அதே பொருளைப் பிறகு சரியாகச் செய்துவிட்டால் வரியின் மேல் ஒரு கோடு போட்டு அடிக்கலாம். ஆனால் எழுதியவர்தான் அடிக்க வேண்டும். வேறு கை படக்கூடாது.

மஞ்சு சார் தொய்ந்த மேசையைச் சுற்றி வந்தார். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் மறந்துவிடும். "யாரு மாடித்து இது? ஹேளி." யார் செய்தது, சொல்லுங்கள் என்று அர்த்தம்.

நான் மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றேன். வாய் திறந்தேனா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அதற்குள் தயாளன் அண்ணன், "நான்தான் சார். ஸ்லைடு கொஞ்சம் லூசா போட்டுட்டேன்" என்றார்.

"நீயா? உன் கை என்னிக்கும் லூசா போட்டதில்லையே தயாளா."

"வயசாவுது இல்ல சார்."

மஞ்சு சார் அவர் கைகளைப் பார்த்தார். பிறகு பலகைப் பக்கம் கையைக் காட்டினார். தயாளன் அண்ணன் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தமிழில் எழுதினார்: 'இழுப்பு மேசை எட்டடி. நடுவில் தொய்வு. ஸ்லைடு பொருத்தியது சரியில்லை. தயாளன்.' மறுநாள் காலையில் பாலிஷ் பிரிவு சலீம் பாய் வாசலில் நின்றுகொண்டு, "ஆவோஜி தொட்டில் தயாளன்" என்று வரவேற்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலம் நான் முதல்முறையாக மெஷின்கள் இருக்கும் தளத்துக்கு இறங்கிப் போனேன். அவர் இழைப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணா அப்படிச் சொன்னீங்க?"

"அட, பேசுது" என்றார். பிறகு பலகையைத் திரும்பிப் பார்த்தார். "அதுல என் பேரு ஏற்கெனவே பதினோரு தடவ கீதும்மா. பன்னெண்டாவதா ஒண்ணு வந்தா யாரு கண்ணுலயும் படாது. உன் பேரு ஒரே ஒரு தடவ வந்தாலும், ஆறு மாசம் முடியும்போது முதலாளி கண்ணுக்கு அது ஒண்ணுதான் தெரியும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு அழுகிறவர்களைச் சமாளிக்கத் தெரியாது. "சரி சரி. எனக்கு ஒண்ணு பண்ணு. இனிமே சீட்டு அனுப்பாத. திட்டறதா இருந்தாலும் கீழ வந்து திட்டு" என்றார்.

"அந்தச் சீட்டு எங்கண்ணா?"

"மொளகா பஜ்ஜில எண்ணெ ஜாஸ்தியா இருந்துச்சி. உன் கையெழுத்தாலதான் ஒத்தி எடுத்தேன். நல்லா உறிஞ்சுது."

அந்த மேசையைத் திரும்பச் செய்து தர எங்களுக்கு இரண்டு வாரம் கிடைத்தது. என் கணக்கில் எங்கே தப்பு என்று எனக்குப் புரியவில்லை. மறுபடி மறுபடி போட்டாலும் சரியாகத்தான் வந்தது. தயாளன் அண்ணன் தாளைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்.

"நீ எந்த மேசைல சாப்ட்டு வளந்தே?"

"எங்க வீட்ல தரையிலதான் அண்ணா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. "எங்க வீட்லயும் மேச கெடயாதும்மா. ரெண்டு பேரும் தரையில துன்னுட்டு ஊருக்கு மேச பண்ணினு கீறோம் பாரு."

இதற்குத் தீர்வாக அவர் கண்டுபிடித்ததுதான் ஓட்டல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆஸ்டின் டவுனில் ஒரு பிரியாணி ஓட்டலில் அவரும் மலர் அக்காவும் நானும் உட்கார்ந்தோம். பக்கத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு ஒரு பெரிய குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் அவர்களைப் பார்த்தோம். நன்றாகவே பார்த்தோம். பரிமாறுகிறவர் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"அண்ணா, அந்த ஃபேமிலிய எதுக்கு அப்டி பாக்கறீங்க? தெரிஞ்சவங்களா?"

"இல்லப்பா. அவங்க முழங்கைய பாக்கறோம்."

அவர் நேராகக் கல்லாவுக்குப் போய் யாரிடமோ பேசினார். மலர் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "இந்த மனுசனோட வெளிய வந்தா இதான்" என்றார். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்று நான் பார்த்தவற்றை என் பாடப் புத்தகங்கள் சொல்லித்தரவில்லை. சோற்றுப் பாத்திரம் எப்போதும் நடுவில்தான் வைக்கப்படுகிறது. எல்லோருக்கும் எட்ட வேண்டும் அல்லவா. இழுப்பு மேசையில் பலவீனமான இடமும் அந்த நடுதான். பரிமாறுகிற அம்மாள் நின்றபடியே விளிம்பில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு எட்டி எட்டிப் போடுகிறார். குழந்தைகள் நாற்காலியில் மண்டியிட்டு மேசைமேல் பாதி ஏறிவிடுகிறார்கள். கனமான ஒரு மாமா சாப்பிட்டு முடித்து எழுந்தபோது இரண்டு உள்ளங்கையையும் மேசையில் ஊன்றி, உடம்பு முழுவதையும் அதன்மேல் ஏற்றித்தான் எழுந்தார். பேசுகிறவர்கள் எல்லோரும் இரண்டு முழங்கையையும் ஊன்றியிருந்தார்கள். தரையில் சாப்பிடுகிறவர்கள் எதன்மேலும் சாய்வதில்லை. அதனால் நான் தட்டுகளை மட்டும் எடை போட்டிருந்தேன்.

தயாளன் அண்ணன் எலும்பைக் கடித்தபடி சொன்னார்: "மனுசன் சாப்புடும்போது வெயிட்டு தட்டுல இல்லம்மா, முழங்கையில கீது."

புதிய மேசைக்கு நானே கீழே போய் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து வரைந்தேன். ஒரே பெரிய நடுப்பலகைக்குப் பதில் இரண்டு சிறிய பலகைகள். சட்டங்களை ஆழமாகவும் மூன்றடுக்காகவும் செய்து, முழுக்க இழுத்தாலும் ஒவ்வொன்றும் அடுத்ததற்குள் பாதி நீளமாவது இருக்கும்படி வைத்தோம். ஐந்தாவது கால் திரும்ப வந்தது. ஆனால் நடுச் சட்டத்தின் அடியில், நட்டநடுவே, யார் முழங்காலும் எட்டாத உள்ளடங்கிய இடத்தில். பலகைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள ஓரங்களில் மர முளைகள்.

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. எவ்வளவு இறுக்கிப் பொருத்தினாலும் ஓடுகிற சட்டத்தில் மயிரிழை இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஓடாது. அந்த இடைவெளிகளெல்லாம் சேர்ந்து எடை ஏறும்போது கீழே இறங்கும். அதனால் காலியாக இருக்கும்போது நடு கொஞ்சம் மேலே தூக்கியிருக்கும்படி பொருத்திவிட்டால், எடை ஏறியதும் சமமாகும். எவ்வளவு தூக்குவது என்பதில்தான் எங்களுக்குச் சண்டை. நான் ஒரு நூல் என்றேன். அவர் இரண்டு நூல் என்றார். வாய் திறந்து, சத்தமாக, மெஷின் ஓட்டுகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி நான் சண்டை போட்டேன். அவருக்கு அதில் தனி சந்தோஷம்.

"சலீம் பாய், கேட்டுக்கோங்க, டிராயிங்கு என்னைத் திட்டுது" என்றார். பிறகு என்னிடம், "கம்ப்யூட்டரு ஒண்ணு சொல்லுது, நான் ரெண்டு சொல்றேன். ஆளுக்குப் பாதி வுட்டுக் குடுப்போம்" என்றார். ஒன்றரை நூல் என்று முடிவானது.

சோதித்துப் பார்க்க வேண்டிய அன்று அவர் ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ்ஸில் மலர் அக்கா பிரியாணி செய்யும் பெரிய தேக்சாப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மேசையை எட்டடிக்கு விரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலை இழுத்துக் கட்டினோம். காலியாக இருந்தபோது பலகை நடுவில் நூலைத் தள்ளிக்கொண்டு நின்றது. தேக்சாவை நடுவில் வைத்துக் கழுத்துவரை தண்ணீர் நிரப்பினோம். சலீம் பாயை ஒரு பக்கமும் மஞ்சு சாரை எதிர்ப் பக்கமும் உட்கார வைத்து, சாப்பிட்டு எழுவதுபோல உள்ளங்கை ஊன்றி எழச் சொன்னார் தயாளன் அண்ணன். "முதலாளி, நல்லா அமுக்கி எந்திரிங்க. பாய் அளவுக்கு உங்களுக்கு வெயிட்டு பத்தல." நூல் பலகையைத் தடவியபடி ஒரே நேராக நின்றது. தயாளன் அண்ணன் பையிலிருந்து ஒரு பேரிங் குண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். உருளவில்லை. இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கும் உருளவில்லை. மஞ்சு சார் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தொட்டில் நின்னுபோச்சு" என்றார்.

அந்த மேசை அந்த வீட்டில் இரண்டு தீபாவளி பார்த்துவிட்டது. ஒரு புகாரும் வரவில்லை. அதே மாதிரியில் பட்டறை பிறகு எத்தனையோ மேசைகள் செய்தது. எல்லாவற்றுக்கும் ஸ்லைடு பொருத்தியவர் தயாளன் அண்ணன்தான். எனக்கு வேலை நிரந்தரமானது. அப்பா ஆலையில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

பேச வேண்டிய நாள் அதுதான். இனி யாரும் என்னை அனுப்பப்போவதில்லை. மஞ்சு சார் அறைக்குப் போய் நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த வாரம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று தோன்றியது. ஒவ்வொரு மாதமும் அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது. இதற்கிடையில் தொட்டில் என்ற பெயர் செல்லப் பெயராகிவிட்டது. அவரே சொல்லிச் சிரிக்கிறார், அவருக்கு வலிக்கவில்லை என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். வலித்ததா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒருமுறை மட்டும் பலகையைப் பற்றிக் கேட்டேன். அவருடைய பதினோரு வரிகளின் மேலும் கோடு போட்டிருந்தார். பன்னிரண்டாவது மட்டும் அப்படியே இருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"மேசைதான் சரியாயிடுச்சே அண்ணா. ஏன் இன்னும் அடிக்கல?"

"அத நான் அடிக்கக் கூடாதும்மா. நான் பண்ணலையே" என்றார். பிறகு கடைக்காரரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டார்.

செய்யாத தப்பைத் தன் பெயரில் எழுதிக்கொள்ள அவருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. செய்யாத தப்பைத் திருத்திக்கொண்டதாகக் கோடு போட மட்டும் அவர் கை போகவில்லை. மனைவியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மலர் அக்கா, உங்களைப் பார்க்கும்போதெல்லாம், உங்களுக்கு எல்லாம் தெரியும், பெருந்தன்மையால் காட்டிக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தேன். அன்று நீங்கள் கேட்டபோதுதான் உங்களுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரிந்தது.

அவரிடமிருந்து எனக்கென்று இருப்பவை சில பழக்கங்கள்தான். சந்தேகம் வந்தால் படி இறங்கிப் போய்ச் செய்கிறவரிடம் வாய்விட்டுக் கேட்கிறேன். எந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் முழங்கைகளைப் பார்க்கிறேன். ஒரு மேசையை வரையும் முன்னால், அதில் கை ஊன்றி எழப்போகிற மிகக் கனமான மனிதரை நினைத்துக்கொள்கிறேன். அவருக்கு ஒரு முகமும் இருக்கிறது, சலீம் பாய் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஒரு பக்கம் போதாது என்று நான் வாங்கிக்கொண்டதே இதற்காகத்தான்.

போன வாரம் சுவர்களுக்கு வெள்ளையடிக்கும்போது தப்புப் பலகையையும் கழற்றித் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்று பேச்சு வந்தது. எல்லோரும் வேண்டாம் என்றீர்கள், தயாளன் கையெழுத்து இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும் என்றீர்கள். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் இருந்தால், ஷட்டர் வழியாக வருகிற ஒவ்வொருவரும் அந்த ஒரு வரியை மட்டும் கோடு இல்லாமல் பார்ப்பார்கள். இந்த மனிதன் ஒரு தப்பைத் திருத்தாமலே போய்விட்டான் என்று படிப்பார்கள். எழுதியவர்தான் அடிக்க வேண்டும், வேறு கை படக்கூடாது என்பது நம் விதி. எழுதியவர் இல்லை. அதனால் மஞ்சு சார், சலீம் பாய், பட்டறையில் இருக்கும் மற்றவர்கள், எல்லோருக்கும் மேலாக மலர் அக்கா, உங்களிடம் கேட்கிறேன். அந்தப் பன்னிரண்டாவது வரியில் அவர் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுகன்யா என்று எழுத எனக்கு அனுமதி கொடுங்கள்.